நடக்கிறதா, நிலைத்திருக்கிறதா?

சீன மொழி படிக்கும் கொரியர்களுக்குத் தொடக்கத்திலேயே ஒரு வசதி உண்டு. கொரிய அகராதிச் சொற்களில் பாதிக்கு மேல் சீன வேர் கொண்டவை என்பதால் சொல்வளம் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். இலக்கணம் அப்படி வருவதில்லை. நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்லும் இடத்தில், ஓரளவு தேறிய மாணவர்கூடத் தடுக்கி விழுகிறார். முதல் சில வாரங்களில் மனப்பாடமான ஒரு சமன்பாடுதான் அதற்குக் காரணம்: கொரியத்தில் 'கோ இத்தா' வந்தால் சீனத்தில் 'ட்சாய்' போடு. முதலில் இந்தச் சமன்பாட்டைக் கைவிடுங்கள்.

கொரிய அமைப்பு தமிழருக்குப் புதிராகத் தோன்றாது. 'இத்தா' என்பது நம் 'இரு' போன்றது. 'மொக்கோ இத்தா' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். 'அன்ஜா இத்தா' என்றால் உட்கார்ந்திருக்கிறார். முதலாவதில் செயல் ஓடுகிறது. இரண்டாவதில் செயல் முடிந்து அதன் நிலை நீடிக்கிறது. சீனத்திலும் இதற்கு இரண்டு கருவிகள் உண்டு. ஓடும் செயலுக்கு வினையின் முன்னால் 'ட்சாய்'. நீடிக்கும் நிலைக்கு வினையின் பின்னால் 'ஜெ'. 'தா ட்சாய் ச்சர் ஃபான்': அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். 'மென் காய் ஜெ': கதவு திறந்திருக்கிறது.

இதுவரை கணக்கு நேராகவே போகிறது. 'அன்ஜா இத்தா' வகையைச் சீனத்துக்குக் கொண்டுபோவது கடினமல்ல. பெரும்பாலும் 'ஜெ' சரியாகப் பொருந்தும். சிக்கலெல்லாம் 'கோ இத்தா'வில்தான். கொரியத்தில் அது ஓடும் செயலோடு நிற்பதில்லை.

உடுப்பதும் பிடிப்பதும்

'கோட் இப்கோ இத்தா' என்ற கொரிய வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு: கோட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறார், கோட் போட்டிருக்கிறார். எது என்பதைச் சூழல் சொல்லும். சீனம் சூழலிடம் விடுவதில்லை. 'ட்சாய் ச்சுவான்' என்றால் கை இன்னும் சட்டைக்கைக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. 'ச்சுவான் ஜெ' என்றால் உடுத்தி முடிந்துவிட்டது.

சீன மொழித் திறனை அளக்கும் எச்.எஸ்.கே. தேர்வின் நான்காம் நிலையில், படத்தையும் ஒரு சொல்லையும் கொடுத்து வாக்கியம் எழுதச் சொல்லும் கேள்வி நெடுநாளாக உண்டு. கண்ணாடி அணிந்த பெண்ணின் படம் வந்தால் 'ட்சாய் தாய் யென்ஜிங்' என்று எழுதத் தோன்றும். அதை வாசிப்பவர் மனத்தில், அந்தப் பெண் அப்போதுதான் கண்ணாடியை எடுத்து மாட்டுகிறாள். வேண்டியது 'தாய் ஜெ யென்ஜிங்'. உடுத்துதல், அணிதல், கையில் பிடித்திருத்தல், குழந்தையைத் தூக்கி வைத்திருத்தல் ஆகிய வினைகளைத் தனிப்பட்டியலாக எழுதி வையுங்கள். இவற்றில் 'கோ இத்தா' வந்தால் உடனே எழுதாமல், நடக்கிறதா நிலைத்திருக்கிறதா என்று ஒருமுறை கேளுங்கள்.

இரண்டும் வேண்டாத இடங்கள்

கொரியர் இயல்பாக 'அல்கோ இத்தா' என்பார். தெரிந்து வைத்திருக்கிறேன் என்று பொருள். சீனத்தில் வெறும் 'வோ ஜிர்தாவ்' போதும். அறிதல் ஏற்கெனவே ஒரு நிலை. அதோடு 'ட்சாய்' சேராது. 'சால்கோ இத்தா', அதாவது வசிக்கிறேன் என்பதும் அப்படியே. புசானில் வசிப்பவர் 'வோ ஜூ ட்சாய் ஃபூஷான்' என்பார். இங்கே வினைக்குப் பின்னால் வரும் 'ட்சாய்' இடத்தைக் காட்டுகிறது, தொடர்ச்சியை அல்ல.

ஒரே நொடியில் முடியும் வினைகள் அடுத்த பொறி. ரயில் நிலையத்தை நெருங்கும்போது கொரியத்தில் 'தோச்சாக்காகோ இத்தா' என்று சொல்லலாம். சீனத்தில் வந்துசேர்தல் ஒரு புள்ளி; புள்ளிக்கு நடுப்பகுதி கிடையாது. ஆகவே 'ஹுவோச்ச குவாய் தாவ் ல', ரயில் வரப்போகிறது என்பதே வழக்கு.

மூன்றாவது, கால அளவு. 'மூன்று வருடமாகச் சீனம் படித்துக்கொண்டிருக்கிறேன்' என்பதில் 'ட்சாய்' போட்டு, வினைக்குப் பின்னால் 'மூன்று வருடம்' சேர்த்தால் வாக்கியம் உடைந்துவிடும். 'வோ ஷுவெ ல ஸான் நியென் ஹான்யூ ல' என்று சொல்லுங்கள். 'ட்சாய்' வேண்டுமென்றால் 'இந்த மூன்று வருடமும்' என்பதை முன்னால் வைத்து, 'யிஜிர் ட்சாய்' என்று தொடருங்கள். அந்த இடத்தில் 'ஜெங்ட்சாய்' வராது; அது ஒரு குறிப்பிட்ட நேரத்தை மட்டுமே சுட்டும்.

இடமும் எதிர்மறையும்

இடத்தைச் சொல்லும் 'ட்சாய்' வந்துவிட்டால், தொடர்ச்சிக்கு இன்னொரு 'ட்சாய்' தேவையில்லை. 'தா ஜெங் ட்சாய் ஜியா கான் ஷூ': அவர் இப்போது வீட்டில் படித்துக்கொண்டிருக்கிறார். ஒன்றே இரண்டு வேலையும் பார்க்கும். எதிர்மறையில் 'மெய் ட்சாய்' என்று தொடங்குங்கள். 'பூ ட்சாய்' என்றால் கேட்பவருக்கு 'ஆள் இங்கே இல்லை' என்றே படும்.

'ஜெ' பற்றி ஓர் எச்சரிக்கை. 'தா ச்சர் ஜெ ஃபான்' என்று நிறுத்தினால், மேலே என்ன என்று கேட்பவர் காத்திருப்பார். ஓடும் செயலோடு வரும் 'ஜெ' பெரும்பாலும் பின்னணி. 'ஷியாவ் ஜெ ஷுவோ', சிரித்தபடி சொன்னார் என்பதுபோல அடுத்த வினை தேடும். மழைக்கோ இரண்டு வழியும் இயல்பு: செய்தியாகச் சொல்ல 'ட்சாய் ஷியா யூ', காட்சியாக வருணிக்க 'ஷியா ஜெ யூ'.

பயிற்சி

ஒரு கோட்டை எடுத்துப் போடத் தொடங்குங்கள். போடும்போது 'ட்சாய்' வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். போட்டு முடித்ததும் 'ஜெ' வாக்கியத்தைச் சொல்லுங்கள். பிறகு உங்கள் கொரிய நாட்குறிப்பை எடுத்து ஒவ்வொரு 'கோ இத்தா'வையும் மூன்று கட்டங்களில் பிரித்து எழுதுங்கள்: ஓடுவது, நிலைப்பது, இரண்டும் வேண்டாதது. மூன்றாம் கட்டத்தில் சேர்பவைதான் நீங்கள் தனியாகப் பழகவேண்டியவை. ஆசிரியர்கள் 'ட்சாய்'க்குக் கொரியப் பொருள் எழுதிப்போடுவதைத் தள்ளிவைத்து, முதல் பாடத்திலேயே இரண்டு படங்களை அருகருகே காட்டலாம்.

தமிழிலிருந்து சீனம் படிப்பவருக்குக் கோட்டில் குழப்பம் குறைவு. 'போட்டுக்கொண்டிருக்கிறார்', 'போட்டிருக்கிறார்' என்று நாமும் பிரித்தே பேசுகிறோம். 'மூன்று வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்' என்பதில்தான் நமக்கும் அதே பள்ளம் இருக்கிறது. அந்த ஒரு வாக்கிய அமைப்பிலிருந்து பயிற்சியைத் தொடங்குங்கள்.