பகல் வெயிலும் இரவு மின்சாரமும்: கல்வி செய்ய வேண்டிய பணி

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்ற செய்தியைக் கேட்டுப் பலரும் சிரித்தனர். ஆனால் அச்செய்தியின் மறுபாதியில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

மின் வலையமைப்பில் உற்பத்தியும் பாவனையும் ஒவ்வொரு கணமும் சமமாக இருத்தல் வேண்டும். நீர்மின், அனல்மின் நிலையங்களில் சுழலும் பாரிய சுழலிகள் திடீர்த் தடுமாற்றங்களை ஓரளவு தாங்கிக்கொள்ளும். சூரியப் படல்களில் அவ்வாறு சுழலும் பாகம் எதுவும் இல்லை. அன்று விடுமுறை நாள் என்பதால் மின்தேவை குறைந்திருந்தது; சூரிய மின்சாரத்தின் பங்கோ கூடியிருந்தது. அதனால் ஓரிடத்துக் கோளாறு நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரைகளிலுள்ள சூரிய மின்தொகுதிகளைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது.

பகலில் கிடைக்கும் வெயிலை வேண்டாமென்கிறோம். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்திலோ நிலக்கரியையும் எண்ணெயையும் எரிக்கிறோம். 2030இல் 70 சதவீத மின்சாரத்தை மீள்புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து பெறுவது நம் நாட்டின் இலக்கு. படல்களைப் பொருத்துவதால் மட்டும் அதை அடைய முடியாது. பகல் மின்சாரத்தைச் சேமிக்கும் பெரிய மின்கலத் தொகுதிகள் வேண்டும். அவற்றோடு, எந்த நேரத்தில் மின்சாரத்தைப் பாவிப்பது நல்லது என்பதை அறிந்த மக்களும் வேண்டும். அத்தகைய மக்களை உருவாக்குவதே நிலைபேறான அபிவிருத்திக்கான கல்வி.

1000 வாற்று மின்னழுத்தியை அரை மணித்தியாலம் பாவித்தால் அரை அலகு செலவாகும் என விஞ்ஞான பாடத்தில் கணிக்கிறோம். பகல் 11 மணிக்கும் இரவு 7 மணிக்கும் விடை ஒன்றுதான். ஆனால் அந்த அரை அலகு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விடை மாறிவிடும். அக்கேள்வியையும் வகுப்பறையில் கேட்க வேண்டும்.

மாணவிகளே, ஒரு வாரத்துக்கு மாலை 6.30க்கும் இரவு 10.30க்கும் வீட்டு மின்மானியை வாசித்து அட்டவணைப்படுத்துங்கள். பின்னர் வாரச் சீருடைகளை அழுத்துவதையும், சலவை இயந்திரத்தையும், நீர்ப்பம்பியையும் பகலுக்கு மாற்றி வித்தியாசத்தைப் பாருங்கள்.

பெற்றோர்களே, பிள்ளைகள் கொண்டுவரும் அந்த அட்டவணையைப் பொறுமையாகப் பாருங்கள். பௌதிகவியல் பெண்பிள்ளைகளுக்குக் கடினம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாளைய மின்கலத் தொகுதிகளை வடிவமைக்கும் பொறியியலாளர்கள் நம் வகுப்பறைகளிலிருந்தும் வர வேண்டும்.