பனி என்றால் காய்ச்சல்

1956-இல் கேரளம் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் அதனோடு சேர்ந்தன. அங்கும், பாலக்காட்டுச் சிற்றூர்ப் பகுதியிலும் தமிழர் பலர் வாழ்கின்றனர். மருத்துவமனையில் அவர்கட்கு உதவும் மலையாளத்தைச் சிறிது காண்போம்.

தலை, கண், மூக்கு முதலிய உறுப்புப் பெயர்கள் பெரும்பாலும் இரு மொழிக்கும் பொது. நோய்ப் பெயர்களே வேறு. கேட்ட சொல்போல் ஒலித்து ஏமாற்றுவனவும் அவையே.

“பனியுண்டோ?” என்று மருத்துவர் வினவினால், அவர் கேட்பது காய்ச்சலை. “ஆமாம் ஐயா, மூணாறில் பனி அதிகம்” என்று பாட்டி விடையளித்தால் மருந்தே மாறிவிடும் அன்றோ?

‘வேதன’ நமக்கு மனத்துயர். அங்கே உடல்வலியும் அதுவே. தலைவலி ‘தலவேதன’; வயிற்றுவலி ‘வயறுவேதன’. ‘சும’ என்பது சுமையன்று, இருமல். ‘சர்த்தி’ வாந்தி, ‘க்ஷீணம்’ களைப்பு. “எவிடெயாணு வேதன?” என்றால், எங்கே வலிக்கிறது என்பது பொருள்.

சொற்றொடர் அமைப்பில் இடரில்லை. ‘எனக்குக் காய்ச்சல் உண்டு’ என்பதே ‘எனிக்கு பனியுண்டு’ ஆகிறது. நோயின் பெயரை மாற்றினால் போதும்.

எல்லைப்புற நண்பர்களே! விடுமுறையில் வீடு செல்லும்போது இச்சொற்களை முதியோர்க்குக் கற்பியுங்கள். நோயாளி சொல்வது மருத்துவர்க்கு விளங்கினாலன்றி, நோய்க்கேற்ற மருந்து கிட்டாது.