காட்டுக் காபி: காக்கணுமா? களையணுமா?



நம்ம பாலவாக்கத்துல காலையில பல வீட்ல டிகாக்‌ஷன் வாசனைதான். ஆனா நம்ம கடற்கரை மணலில் காபி விளையாது. அதுக்கு மலை வேணும், மழை வேணும், நிழல் வேணும். அப்படின்னா யாரும் நடாமலே காபி வளரும் காடு எங்கே இருக்கிறது? நான் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

தாய்வீடு எத்தியோப்பியா

அராபிகா காபியின் பிறப்பிடம் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகள். அங்கே பெரிய மரங்களின் நிழலில் அது தானாக வளர்கிறது.

"அது அழிஞ்சா நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். உலகத் தோட்டங்களில் உள்ள அராபிகா பெரும்பாலும் அந்தக் காட்டிலிருந்து வெளியே போன சில செடிகளின் வாரிசுகள்தான். எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி. ஒரு நோய் வந்தால் எல்லாமே மாட்டிக்கும். 1869-ல் இலங்கையில் இலைத்துரு நோய் வந்தது. சுமார் 20 வருஷத்தில் காபித் தோட்டங்கள் அழிந்து, அந்த இடத்தில் தேயிலை வந்தது.

காட்டுச் செடிகளோ ஒவ்வொண்ணும் ஒரு விதம். நோயை, வறட்சியைத் தாங்கும் குணம் அவற்றில் இருக்கலாம். அதனால் அந்தக் காடுதான் காபியின் விதை வங்கி. ஆனால் 2019-ல் வெளியான ஆய்வின்படி, 124 காபி இனங்களில் 75 அழியும் ஆபத்தில் உள்ளன. அராபிகாவும் அதில் ஒன்று! காடழிப்பும் பருவநிலை மாற்றமும் முக்கியக் காரணங்கள். எத்தியோப்பியாவின் காஃபா, யாயு காடுகளை 2010-ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகங்களாக அறிவித்தது.

வால்பாறையில் கதை தலைகீழ்

நம்ம ஆனைமலை மழைக்காட்டுக்குள்ளும் காபி தானாக முளைக்கிறது. ஆனால் அது ரொபஸ்டா. அதுவும் ஆப்பிரிக்கச் செடிதான், எஸ்டேட்டில் நட்டது. பழத்தை மரநாயும் குரங்கும் தின்று, கொட்டையைக் காட்டுக்குள் போடுகின்றன. ரொபஸ்டா நிழலிலும் நல்லா வளரும். எஸ்டேட்டை ஒட்டிய காட்டோரங்களில் அது அதிகமாகப் பரவியிருப்பதை 2009-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது அடர்ந்துவிட்டால், அந்தக் காட்டுக்கே உரிய மரக்கன்றுகளுக்கு இடம் ஏது? நம்ம ஊர்ப் பக்கம் சீமைக்கருவேலம் செய்யும் அதே வேலை!

மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளரும் காபி உறவுச் செடிகளும் உண்டு. காஃபியா டிராவன்கோரென்சிஸ் அதில் ஒன்று. இவை வாழவும் காடு காடாக இருக்கணும்.

நாம் அறிவது

பிறந்த காட்டில் காபியைக் காக்கணும். புகுந்த காட்டில் கட்டுப்படுத்தணும். பச்சையா இருந்தா மட்டும் காடு ஆகிவிடாது நண்பர்களே! எந்தச் செடி எந்த மண்ணுக்குச் சொந்தம் என்று பார்க்கணும்.

நம்ம பள்ளியைச் சுற்றி உள்ள செடிகளில் உள்ளூர் எது, வெளியூர் எது? தெரிந்தவர்கள் ஒரு தாளில் எழுதி, இந்தப் பலகையில் கீழே ஒட்டுங்கள்.

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி