உயிர்க்கோளம்: நம்ம ஊர்க் கண்மாயும் அதில் சேர்த்திதான்!

மல்லாங்கிணறு பக்கம் ஐப்பசி மழை இறங்கின ராத்திரி வெளியே வந்து நின்னு பாருங்க. அதுவரை வெடிச்சுக் கிடந்த கரிசல் காட்டில் தவளைச் சத்தம் காதைப் பிளக்கும். கண்மாயில் தண்ணீர் சேர்ந்ததும் மீன், கொக்கு, நாரை என ஒவ்வொன்றாக வந்துவிடும். மண்ணும் நீரும் காற்றும் கூடும் இடத்தில் உயிர் தங்குகிறது. பூமி முழுக்க இப்படி உயிர் தங்கும் பகுதிக்கு அறிவியல் வைத்த பெயர் ‘பயோஸ்பியர்’. தமிழில், உயிர்க்கோளம்.

சொல் எப்படி வந்தது?

கிரேக்க மொழியில் ‘பயோஸ்’ என்றால் உயிர்வாழ்வு. ‘ஸ்பைரா’ என்றால் உருண்டை. 1875-ல் ஆஸ்திரிய நிலவியல் அறிஞர் எடுவார்ட் சூயஸ், ஆல்ப்ஸ் மலை உருவான விதம் பற்றிய நூலில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். 1926-ல் ரஷ்ய அறிஞர் விளாதிமிர் வெர்னாட்ஸ்கி இந்தச் சொல்லையே தலைப்பாக்கி ஒரு நூல் எழுதினார். உயிர்கள் பூமியில் சும்மா குடியிருக்கவில்லை. காற்றையும் மண்ணையும் அவைதான் மாற்றுகின்றன என்று விளக்கினார். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனே பச்சை உயிர்கள் தந்ததுதான்.

எவ்வளவு பெரியது?

பூமியின் மையம் வரை சுமார் 6,371 கிலோமீட்டர். உயிர்கள் வாழும் அடுக்கோ, ஆழ்கடலின் அடியிலிருந்து பறவை பறக்கும் உயரம் வரை சேர்த்தாலும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். வெங்காயத்தின் மேல்தோல் மாதிரி!

நமக்கு என்ன சம்பந்தம்?

1971-ல் யுனெஸ்கோ ‘மனிதனும் உயிர்க்கோளமும்’ திட்டத்தைத் தொடங்கியது. நம் நாட்டில் முதல் உயிர்க்கோளக் காப்பகம் 1986-ல் நீலகிரி; 1989-ல் மன்னார் வளைகுடா. திருச்சுழி வழியாகப் போகும் குண்டாறு அந்த வளைகுடாவில்தான் கலக்கிறது. அதனால், இங்கே ஓடையில் வீசும் பிளாஸ்டிக் பை வெள்ளம் வந்தால் அங்கே போய்ச் சேரலாம். கண்மாயை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலம் உள்ளூர்ச் செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது

பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 2002-ன்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உள்ளூர் மரம், மூலிகை, பறவை, பாரம்பரிய விதைகளை ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில்’ எழுதுவது அதன் வேலை. உங்கள் பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் அதைக் கேட்டுப் பாருங்கள். கையில் இருக்கும் போனில் கண்மாய்ப் பறவையைப் படம் எடுங்கள். தேதி, இடம் குறித்துக் கொடுங்கள். அதன் பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்ததை இன்றைக்கு எழுதி வைக்காவிட்டால், நாளைக்கு யாரிடம் போய்க் கேட்பது?