மூட்டுவாத ஊசியும் தோல் தொல்லைகளும்

நமது நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குவதுதான் முடக்குவாதம். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. மாத்திரைகளுக்கு நோய் கட்டுப்படாதபோது எட்டனர்செப்ட், அடலிமுமாப் போன்ற 'பயாலஜிக்' ஊசிகளை மருத்துவர்கள் தருகிறார்கள். வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தை இவை தடுக்கின்றன. கிருமிகளை எதிர்க்கவும் அதே புரதம் தேவை என்பதால் சில பக்கவிளைவுகள் உண்டு. அவற்றில் பல தோலில்தான் தெரியும்.

ஊசி போட்ட இடத்தில் சிவப்பு, அரிப்பு: முதல் மாதத்தில் இது சாதாரணம். பெரும்பாலும் 3 முதல் 5 நாட்களில் தானே அடங்கிவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஊசியை 15 முதல் 30 நிமிடம் வெளியே வைத்திருந்து போடுங்கள். வெந்நீரில் வைத்துச் சூடாக்க வேண்டாம். தொடை, வயிறு என ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றுங்கள். போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் போதும்.

அக்கி: உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலும் வலியும் கொண்ட கொப்புளங்கள் வரிசையாக வரும். அக்கி எழுதுவதில் நாளைக் கடத்தாதீர்கள். இதற்கான மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.

செதில், சீழ்ப்பொரி: உள்ளங்கை, உள்ளங்கால், தலை ஆகிய இடங்களில் சோரியாசிஸ் போலத் தோன்றலாம். சோரியாசிஸுக்கே தரப்படும் மருந்து சிலருக்கு அதையே உண்டாக்குவது வியப்புதான். களிம்பு போதுமா, மருந்தை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

தோல் தொற்று: கால் சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அடுத்த ஊசியை அவரைக் கேட்காமல் போடாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சிறு புண்ணையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

முகம், உதடு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, உடலெங்கும் தடிப்பு எழும்பினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

சிறு சிவப்பைப் பார்த்துப் பயந்து, யாரையும் கேட்காமல் ஊசியை நிறுத்திவிடாதீர்கள். வாதம் திரும்பி வந்து மூட்டு எலும்பை அரித்துவிட்டால், அந்தச் சேதத்தைப் பிறகு சரிசெய்ய முடியாது. தடிப்பு வந்தால் செல்போனில் படம் எடுத்து, ஊசி போட்ட தேதியையும் குறித்து வையுங்கள். மருத்துவர் நோயைக் கண்டறிய அது பெரிதும் உதவும். வீட்டில் இந்த ஊசி போடும் உம்மாவோ பாட்டியோ இருந்தால், வாரம் ஒருமுறை அவர்களுடைய கை, கால், முதுகை நீங்களே பார்த்துவிடுங்கள்.