பாமரனின் மோட்டார்

பழைய மோட்டார் வண்டிகளைப் போற்றுவோர் பளபளக்கும் மேனியையும் பாயும் வேகத்தையுமே புகழ்வர். பௌதிகம் பயிலும் என்னைக் கவர்ந்ததோ, இவ்விரண்டிலும் சிறப்பில்லாத ஓர் அமெரிக்க வண்டி. 1908-ஆம் ஆண்டு ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் டி' என்பதே அது.

இதன் எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் 20 குதிரைத்திறனும் கொண்டது. முதலில் வந்த சில வண்டிகள் நீங்கலாக, எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றிவரச் செய்ய இதில் பம்பு இல்லை. சூடேறிய நீர் இலேசாகி மேலெழும்; ரேடியேட்டரில் குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்கும். உலைநீரில் நாம் காணும் வெப்பச் சலனமே பம்பின் வேலையைச் செய்தது.

பெட்ரோலுக்கும் பம்பு கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் முன்னிருக்கையின் அடியிலிருந்த தொட்டியிலிருந்து அது தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு இறங்கியது. இதனால் ஒரு வேடிக்கை! தொட்டியில் பெட்ரோல் குறைந்த வேளையில் செங்குத்தான மேட்டில் ஏறினால், கார்புரேட்டர் பெட்ரோல் மட்டத்தைவிட உயர்ந்துவிடும், எஞ்சின் நின்றுவிடும். ஆகவே ஓட்டுவோர் வண்டியைத் திருப்பி, பின்புறமாகவே மேடேறினர்.

உறுப்பு குறைந்தால் பழுதும் குறையுமன்றோ? பழுது நேர்ந்தாலும் உழவரே சரிசெய்துகொண்டனர். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பட்டை மாட்டி, மரம் அறுத்தவர்களும் உண்டு.

இவ்வெளிமை தொழிற்சாலைக்குள்ளும் புகுந்தது. 1913-இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் வண்டி நகர்ந்து வர, தொழிலாளி நின்ற இடத்திலேயே ஒரு சிறு வேலையை மட்டும் செய்யும் முறை வந்தது. 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த அடிச்சட்ட வேலை, 1914-இல் ஏறக்குறைய ஒன்றரை மணியில் முடிந்தது. தொடக்கத்தில் 850 டாலராயிருந்த விலை 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. பாமரனுக்கும் மோட்டார் கிட்டியது.

ஆனால், நாள் முழுதும் ஒரே திருகாணியை முடுக்கும் வேலையில் ஆட்கள் நிலைக்கவில்லை. 1914 ஜனவரியில், எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு 5 டாலர் வரை தருவதாக நிறுவனம் அறிவித்தது. அதை முழுதாகப் பெற, தொழிலாளியின் வீட்டு வாழ்க்கையும் ஆராயப்பட்டது!

1927-இல் உற்பத்தி நிற்கும்வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. இயற்கையின் விதியறிந்து பம்பை நீக்கிய அறிவை நான் வியக்கிறேன். அதே அறிவு மனிதனின் வேலையிலிருந்து சிந்தனையை நீக்கியபோது, அவன் அதைத் தாங்காமல் வெளியேறினான். விஞ்ஞானம் பயிலும் நாம் நாளை எதைச் சுருக்கினாலும், இதை மறவாதிருப்போமாக!