கைத்தொழில் கூடவே வரும்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபியர் அடிகளார் 1948இல் இலங்கைக்கு வந்தார். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்தார், கூடைப்பந்தாட்டம் பழக்கினார். பின்னர் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தில் இளைஞர் கைத்தொழில் பயில உழைத்தார். 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், கூட வந்த இளைஞனோடு காணாமற்போனார். அவர் பழக்கியவை மாணவரிடம் நிலைத்தன.

அன்பார்ந்தவர்களே, சொந்த ஊரை அவர் விரும்பி விட்டு வந்தார். நீங்கள் விரட்டப்பட்டு வந்தீர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் காணியும் மாடும் பறிபோனாலும் கையிலுள்ள தொழில் பறிபோகாது. அதைப் பிறர் பிள்ளைக்கும் பழக்குவது விசுவாசத்தின் செயலே.

கூடிப் பேசுவோம்: நம்மிடையே தச்சு, மேசன் வேலை, நீரிறைக்கும் இயந்திரம் திருத்துதல் தெரிந்தவர் யார்? அவரிடம் எந்தப் பிள்ளைகளை, எப்போது அனுப்பலாம்?